கால் மட்டும் நடப்பதில்லை

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கினால் போதும், வீட்டுக்கு வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பிள்ள நடக்கானா?" பால்காரர் கேட்பார், எதிர்வீட்டு அக்கா கேட்பார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டால் அவரவர் வீட்டுக் கணக்கு வெளியே வரும். "எங்க பேரன் ஒம்போது மாசத்துலயே ஓடினான்லா!" இதைக் கேட்ட அம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் போய்விடும். கொஞ்ச நாளில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்துவிடுவார்.

நான் திருநெல்வேலிப் பக்கம் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி செய்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் காலைத்தான் காட்டுவார்கள். நானும் காலைப் பார்ப்பேன். இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா, தசை விறைப்பாகவோ தொளதொளவென்றோ இருக்கிறதா, பாதம் தரையில் எப்படிப் படிகிறது என்றெல்லாம் பார்த்துவிட்டு, கேள்விகளை வேறு பக்கம் திருப்புவேன். புது ஆள் வந்தால் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனால் குனிந்து தேடுகிறானா? இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, "எம்மா, கால் வரலன்னு வந்தா வெரலப் பத்திக் கேக்கியளே" என்று நேராகவே சொல்லிவிட்டார். நியாயமான கேள்வி. வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தபோது அவருக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. விரிவான பதில் இது.

பாடப்புத்தகங்களில் குழந்தை வளர்ச்சியை உடல், அறிவு, உணர்வு என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். படிக்கவும் தேர்வெழுதவும் அது வசதி. வீட்டுக்குள் வளர்கிற குழந்தையிடம் அந்தக் கோடுகள் கிடையாது. அது எழுந்து நின்று நடக்கப் பழகுகிற சில மாதங்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த மாதங்களில் குழந்தையின் பயம் மாறுகிறது, பார்வை மாறுகிறது, பேச்சு மாறுகிறது, கோபம் மாறுகிறது. அதோடு பேசுகிற அம்மாவின் குரல்கூட மாறுகிறது. ஆகவே நடையைப் பற்றியே எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதற்குள் தானாக வந்துவிடும்.

முதலில் அந்த ஒன்பது மாதக் கணக்கை முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துக் குறித்த கணக்கு அது. இந்தியக் குழந்தைகள் டெல்லியைச் சேர்ந்தவர்கள். எல்லாருமே நல்ல சாப்பாடும் மருத்துவ வசதியும் கிடைத்த, நோய் நொடி இல்லாத குழந்தைகள். அவர்கள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். தானாக நடந்தது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். இந்த எல்லையைத் திரும்பவும் ஒருமுறை பாருங்கள். நல்ல ஆரோக்கியமான இரண்டு குழந்தைகளுக்கு இடையில் ஒன்பது மாதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கலாம். பேரன் ஒன்பது மாதத்தில் நடந்திருக்கலாம், அதில் பொய் இல்லை. உங்கள் பிள்ளை பதினாறில் நடப்பதிலும் குறை இல்லை. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கை முட்டி போட்டுத் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே பின்பக்கத்தால் நகர்ந்து நகர்ந்து போகிற குழந்தைகளை நம் வீடுகளிலும் பார்க்கலாம். அவர்கள் பொதுவாகக் கொஞ்சம் பிந்தித்தான் நடப்பார்கள். பல வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ அப்படியே நகர்ந்தவராக இருப்பார்.

காலம் வந்தால் கால் தானாக வரும் என்று விட்டுவிடலாமா? அதுவும் முழு உண்மை இல்லை. பிறந்த சில நாட்களில் குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கிப் பாதம் தரையில் படும்படி வைத்தால், ஒரு காலை எடுத்து அடுத்த காலை வைக்கும். அப்படிச் செய்து பார்க்காத ஆச்சிகள் குறைவு. இரண்டு மாதம் போனால் அந்த அசைவு காணாமல் போய்விடும். மூளை வளர வளர அதை அடக்கிவிடுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளர் 1984இல் அதைச் சோதித்துப் பார்த்தார். பிறந்து சில வாரமான குழந்தைகளை இடுப்பளவு தண்ணீரில் பிடித்தார். கால்கள் கூடுதலாக அடி வைத்தன. காலில் சின்ன எடையைக் கட்டினால் அசைவு குறைந்தது. அந்த இரண்டு மாதத்தில் தொடையில் கொழுப்பு ஏறிக் கால் கனத்துவிடுகிறது, தூக்குவதற்குத் தசைக்குப் பலம் போதவில்லை, விஷயம் அவ்வளவுதான். காலின் எடை, தசையின் பலம், தரையின் தன்மை, எதிரே நின்று கூப்பிடுகிற முகம் எல்லாம் சேர்ந்துதான் ஓர் அடி விழுகிறது.

வளர்க்கிறவர்களின் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. கென்யாவில் கிப்சிகிஸ் மக்களிடம் சார்லஸ் சூப்பர் 1970களில் ஆய்வு செய்தார். அங்கே தாய்மார்கள் குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பயிற்சி கொடுப்பார்கள். அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால் உட்கார்ந்தன, நடந்தன. பயிற்சி கொடுக்காத அசைவுகளில் அந்த முந்துதல் இல்லை. நம் வீடுகளில் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், மடியில் நிற்க வைத்துக் குதிக்க விடுவதும் இந்த வகைதான். எந்த மாதத்தில் நடக்கிறது என்பதை விட, அந்த நேரத்தில் குழந்தையோடு பேசிச் சிரித்து விளையாடுகிற கைகள் கிடைப்பது பெரிது. அந்தச் சடங்குகளை நான் ஒருபோதும் நிறுத்தச் சொல்வதில்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் நிறுத்தச் சொல்வேன்.

இனி பயத்துக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1960இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பெரிய கண்ணாடி மேசை. பாதியில் கண்ணாடிக்கு ஒட்டினாற்போலக் கட்டம் போட்ட துணி. மறுபாதியில் அதே துணி மிகக் கீழே, தரையில். பார்த்தால் மேசையின் நடுவில் பள்ளம் தொடங்குவதுபோல் தெரியும். தவழ்கிற குழந்தைகளை நடுவில் விட்டு, அம்மா ஒவ்வொரு பக்கமாக நின்று கூப்பிட்டார். நகர்ந்த 27 குழந்தைகளும் பள்ளமில்லாத பக்கம் போனார்கள். பள்ளத்துப் பக்கம் துணிந்தது மூன்றே பேர். அப்படியானால் உயரத்தைக் கண்டு பயப்படுவது பிறவியிலேயே வருவது என்று தோன்றும். ஜோசப் காம்போஸ் தன் குழுவோடு அதை மேலும் தோண்டினார். இன்னும் தவழாத கைக்குழந்தைகளைப் பள்ளத்துப் பக்கக் கண்ணாடியில் படுக்க வைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். துடிப்பு குறைந்தது. அது ஒன்றை ஆர்வமாகக் கவனிக்கிறபோது நடப்பது. தவழ்ந்து பழகிய குழந்தைகளுக்கோ துடிப்பு கூடியது. பள்ளம் இருவர் கண்ணுக்கும் தெரிகிறது. தன் கை காலால் இடம் மாறிப் பழகிய குழந்தைக்குத்தான் அது பயமாகிறது.

ஏழு மாதக் குழந்தை கட்டிலிலிருந்து புரண்டு விழுந்துவிட்டது என்று வருகிறவர்கள், "பயமே இல்லாத பிள்ளையா இருக்கு" என்பார்கள். பயம் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதுவரை கட்டிலில் தனியாக விடாதீர்கள்.

அதே மாதிரி மேசையில் இன்னொரு சோதனையும் நடந்தது, 1985இல் வெளியானது. பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, போகலாமா வேண்டாமா என்று தயங்குகிற அளவுக்கு வைத்தார்கள். ஒரு வயதுக் குழந்தைகள் விளிம்பு வரை வந்தன, நின்றன, நிமிர்ந்து எதிரே இருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தன. அம்மா சிரித்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்துவிட்டார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. அம்மாக்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நம் வீட்டு வாசற்படியில் தினமும் நடப்பது இதுதான். குழந்தை படியருகே போய் நின்று திரும்பிப் பார்க்கும். கீழே விழுந்தாலும் முதலில் அழாது, நம் முகத்தைப் பார்க்கும். நாம் "ஐயோ" என்று பதறி எழுந்தால் அடுத்த நொடி அழுகை. விழுந்த குழந்தையைச் சமாதானப்படுத்த, "நீதான் எங்க பாப்பாவைத் தள்ளினியா?" என்று தரையை அடிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் அன்பு இருக்கிறது. ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விழுந்த குழந்தைக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியது, நடந்தது ஆபத்தா இல்லையா என்பது. அதை நம் முகம்தான் சொல்ல முடியும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, "விழுந்துட்டியா, வலிக்குதா, சரி, எழுந்துக்கோ" என்று சாதாரணக் குரலில் சொன்னால் பெரும்பாலும் அதுவே போதும்.

தவழும்போது கற்றுக்கொண்ட பாடத்தைக் குழந்தை நடைக்கு எடுத்துப் போகும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். கேரன் அடால்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் சாய்தளங்களை வைத்துச் செய்த ஆய்வு அந்த எண்ணத்தைக் கவிழ்த்துவிட்டது. தவழ்கிற குழந்தைகள் பல வாரப் பழக்கத்தில் எந்தச் சரிவில் இறங்கலாம், எது செங்குத்து என்று துல்லியமாகக் கண்டுபிடித்துவிடுகின்றன. செங்குத்தான சரிவில் நின்றுவிடும், அல்லது திரும்பிப் பின்னோக்கி வழுக்கி இறங்கும். அதே குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அதே செங்குத்துச் சரிவில் நேராகக் கால் வைத்து விழப் பார்க்கிறது (பிடித்துக்கொள்ள ஆள் நின்றார்கள்). ஒரே நாளில், அடுத்தடுத்து, தவழ விட்டால் எச்சரிக்கையாக இருக்கிற குழந்தை, நிற்க வைத்தால் பாய்கிறது. தவழும் உடம்புக்குத் தெரிந்தது நடக்கும் உடம்புக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. "நேத்து வரைக்கும் படியில பாத்து இறங்கினான், இப்ப அப்படியே விழுறான், கண்ணுல ஏதாவது குறையா?" என்று கேட்கிற பெற்றோரிடம் நான் சொல்வது இதைத்தான். இவ்வளவு நாளாக இறங்கியது தவழ்கிற பிள்ளை. நடக்கிற பிள்ளை இந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான். படிக்கட்டுக்குக் கதவு போடுங்கள்.

எவ்வளவு விழும்? அடால்ஃப் குழுவே 2012இல் எண்ணிச் சொல்லியிருக்கிறது. 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம் போக்கில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். மணிக்கு! பெரியவர்கள் யாரும் இவ்வளவு முறை விழுந்த பிறகு ஒரு வேலையைத் தொடர மாட்டோம். இன்னொன்றும் அதில் தெரிந்தது. நன்றாகத் தவழத் தெரிந்த குழந்தை ஏன் அதை விட்டுவிட்டு இந்த ஆபத்தில் இறங்குகிறது? கடந்த தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், புதிதாக நடக்கிற குழந்தை தவழ்கிற குழந்தையை விட அதிகமாக விழுவதில்லை. அதிக தூரம் போகிறது, அதிகம் விழுவதுபோல் தெரிகிறது. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு நம் ஊர் ஆச்சிகளுக்குப் பிடிக்கும். டயப்பரோடு நடப்பதை விட வெறும் உடம்போடு நடக்கும்போது குழந்தைகள் குறைவாக விழுந்தார்கள், கால் அகட்டுவதும் குறைந்தது. துணியில் செய்த தடித்த டயப்பருக்கும் இதே கதைதான். வீட்டுக்குள் அரைஞாண் மட்டும் கட்டி, செருப்பு இல்லாமல், மொழுமொழுவென்று வழுக்காத தரையில் விடுங்கள். நடை பழகுவதற்கு ஷூ வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் அதே பதில். வீட்டுக்குள் வேண்டாம். பாதம் தரையை உணர வேண்டும்.

சரி, எழுந்து நின்றதும் என்ன கிடைக்கிறது? முதலில் பார்வை. தவழும் குழந்தையின் கண் பெரும்பாலும் தரையில் இருக்கும். ஆள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நின்று, உட்கார்ந்து, நிமிர வேண்டும். குழந்தைகளின் தலையில் சிறிய கேமரா பொருத்திப் பார்த்த ஆய்வில் இது தெளிவாகவே தெரிந்தது. நடக்கும் குழந்தைக்கு அறை முழுவதும் தெரிகிறது. எதிர்ச் சுவர், சன்னல், மேசைமேல் இருக்கும் கண்ணாடித் தம்ளர், அதை வைத்துவிட்டுப் போன ஆள், எல்லாம் கண்ணுக்குள் வந்துவிடுகின்றன.

அடுத்தது கை. தவழும்போது கையும் கால்தான். நடந்ததும் இரண்டு கையும் விடுபடுகின்றன. அப்போது ஒரு புது வேலை தொடங்கும், எல்லா அம்மாவும் இதைப் பார்த்திருப்பார்கள். குழந்தை ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்து அம்மா கையில் கொடுக்கும். திரும்பப் போய் ஒரு மூடியை எடுத்துவரும். அதற்கு அந்தக் கரண்டி தேவையே இல்லை, கொண்டுவந்து கொடுப்பதுதான் தேவை. லானா கராசிக் தன் குழுவோடு 11 மாதத்திலும் 13 மாதத்திலும் குழந்தைகளை வீட்டிலேயே கவனித்தார். தவழ்கிறவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே பொருளைத் தூக்கிக் காட்டினார்கள், நடக்கிறவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அம்மாக்களின் பேச்சும் அதற்கேற்ப மாறியது. இருந்த இடத்திலிருந்து காட்டினால் "ஆமா, அழகா இருக்கு" என்கிற மாதிரிப் பதில். நடந்து வந்து நீட்டினால் "திற", "போடு", "படிக்கலாமா" என்று செயலைச் சொல்கிற பதில். குழந்தை கரண்டியோடு வந்து நிற்கும்போது நாமும் அப்படித்தான், "அப்பாகிட்ட குடு போ", "உள்ள போடு", "இன்னொண்ணு எங்க?" என்று பேசுகிறோம். ஒவ்வொன்றும் குழந்தைக்கு ஒரு பாடம்.

எரிக் வாலும் காம்போஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நடை தொடங்கியதை ஒட்டிக் குழந்தைக்குப் புரிகிற சொற்களும் சொல்கிற சொற்களும் கூடியிருந்தன. ஒரே வயதுள்ள தவழ்கிற குழந்தையோடு ஒப்பிட்டாலும் அது தெரிந்தது. பிறகு சீனாவிலும் பார்த்தார்கள். அங்கே குழந்தைகள் கொஞ்சம் பிந்தி நடக்கிறார்கள். சொல் கூடியதும் அந்தப் பிந்திய நடையை ஒட்டித்தான்.

நம் புலவர்கள் இதைக் கண்ணால் பார்த்தே எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பிள்ளைத்தமிழின் பருவங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தலையை நிமிர்த்தி உடம்பை அசைக்கிற செங்கீரை, தாலாட்டுக் கேட்கிற தால், உட்கார்ந்து கை கொட்டுகிற சப்பாணி, முத்தம், தளர்நடையில் வரச் சொல்லிக் கூப்பிடுகிற வருகை, அதற்கு அடுத்து நிலாவை விளையாடக் கூப்பிடுகிற அம்புலி. உடம்பு ஒரு வரிசை, அன்பு ஒரு வரிசை, அறிவு ஒரு வரிசை என்று அவர்கள் பிரிக்கவில்லை. கை கொட்டலுக்கும் நடைக்கும் நடுவில் முத்தம் இருக்கிறது. நடந்து வந்த குழந்தைக்கு அடுத்த பருவத்தில் வானத்தைக் காட்டுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் வருகிற குழந்தைகளில் சிலர் பிந்தி நடப்பார்கள், சிலர் நடக்கவே மாட்டார்கள். குறைமாதத்தில் பிறந்து மூளைவாதம் வந்த குழந்தைகள், முதுகுத்தண்டில் குறையோடு பிறந்தவர்கள். அவர்களின் பெற்றோர் தங்கள் நேரத்தையும் பணத்தையும் எல்லாவற்றையும் காலுக்கே கொடுப்பார்கள். காலையில் உடற்பயிற்சி, மாலையில் உடற்பயிற்சி, நடுவில் எண்ணெய். சில ஊர்களில் மணலில் குழி தோண்டி இடுப்பு வரை நிற்க வைப்பார்கள். கதை சொல்கிறீர்களா, கடைக்குக் கூட்டிப் போகிறீர்களா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விடுகிறீர்களா என்று கேட்டால் ஒரு பதில் வரும். "மொதல்ல கால் வரட்டும், அப்புறம் அதெல்லாம் பாத்துக்கலாம்."

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் நான் தினமும் மல்லுக்கு நிற்கிறேன். நடை ஒரு குழந்தைக்குத் தருவதென்ன? தானாக ஓரிடத்துக்குப் போவது, உயரத்திலிருந்து பார்ப்பது, ஒன்றை எடுத்துக் கொண்டுபோய் இன்னொருவரிடம் கொடுப்பது, அதற்கு ஒரு சொல்லைப் பதிலாகப் பெறுவது. கால் வராத குழந்தைக்கு இவற்றை வேறு வழியில் கொடுக்க முடியும், இப்போதே கொடுக்க வேண்டும். கால் வரும்வரை காத்திருந்தால் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் உரிய நல்ல காலம் போய்விடும். இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுங்கள். அது எந்தப் பக்கம் கண்ணைத் திருப்புகிறதோ அந்தப் பக்கம் போங்கள். போகிற வழியை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். சாய்ந்து உட்கார வைத்து, கைக்கு எட்டும் இடத்தில் பாத்திரத்தையும் மூடியையும் வைத்து, அது எடுத்து நீட்டினால் வாங்கிக்கொண்டு பேசுங்கள். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் காலவே என்ற பிசியோதெரபிஸ்ட், குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி பொம்மைக் கார்களில் பெரிய பொத்தானும் முதுகுக்குச் சாய்மானமும் பொருத்தி, நடக்க முடியாத குழந்தைகளிடம் கொடுத்தார். நடக்க முடியாத குழந்தையும் தான் நினைத்த இடத்துக்குத் தானே போகட்டும் என்பதுதான் அதன் நோக்கம். நம் ஊரில் ஒரு பலகைக்கு அடியில் நான்கு சக்கரம் வைத்துத் தச்சரிடம் செய்துகொண்ட பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். கையால் தரையைத் தள்ளிக்கொண்டு அடுப்படி வரை போய்விட்ட பெண் குழந்தையை அவள் அம்மா முதல் முறையாக, "அங்க போகாத!" என்று அதட்டினார். அதட்டிவிட்டு அழுதுவிட்டார்.

வாக்கர் வாங்கலாமா என்ற கேள்வி வராத நாள் கிடையாது. நடுவில் துணி இருக்கை தொங்க, சுற்றிச் சக்கரம் வைத்த அந்தப் பிளாஸ்டிக் வண்டியைச் சொல்கிறேன். வேண்டாம். கனடாவில் 2004 ஏப்ரலிலிருந்து அதை விற்கவே தடை. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை இந்த வண்டியால் அடிபட்டு 15 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் 2,30,000 பேருக்கு மேல் அவசரச் சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் அடி, பெரும்பாலும் படிக்கட்டில் உருண்டது. அதில் தொங்குகிற குழந்தை தன் எடையைத் தான் தாங்குவதில்லை, நுனிவிரலால் உந்துகிறது, முன்தட்டு மறைப்பதால் தன் பாதத்தையே பார்ப்பதில்லை. ஒரு நேர்மையான தகவலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவழாத குழந்தைகள் வாக்கரில் ஓடிப் பழகிய பிறகு, அவர்களுக்கும் அந்தக் கண்ணாடி மேசைப் பள்ளம் பயமானது என்று காம்போஸ் குழு கண்டது. தானாக நகர்கிற அனுபவம் எதில் கிடைத்தாலும் மனத்தை மாற்றுகிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதே அனுபவம் தரையில் விட்டாலே ஆபத்தில்லாமல், காலுக்கும் பலத்தோடு கிடைக்கிறபோது வாக்கர் எதற்கு?

நடைவண்டி வேறு. மூன்று மரச் சக்கரம், பிடித்துக்கொள்ளக் குறுக்குக் கட்டை. திருவிழாக் கடைகளில் முன்பு வரிசையாக நிற்கும். குழந்தை தன் காலில் தான் நிற்கிறது, முழுப் பாதத்தையும் ஊன்றுகிறது, குனிந்தால் கால் தெரிகிறது, களைத்தால் கையை விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. இதில் ஒரே தொந்தரவு, புதிதாக நிற்கிற குழந்தையை விட வண்டி முன்னால் ஓடிவிடும், குழந்தை மோவாய் இடிபட விழும். வண்டியின் அடிக்கட்டையில் மணல் நிரப்பிய சின்னப் பை ஒன்றைக் கட்டிவிடுங்கள், மெதுவாக நகரும். கைப்பிடியைப் பிடித்துத் தானாக எழுந்து நிற்கத் தெரிந்த பிறகு கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். நடைவண்டி இல்லையென்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது. கவிழ்த்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளியே நடந்த குழந்தைகள் ஏராளம்.

இரவுத் தூக்கத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தவழவும் நிற்கவும் தொடங்குகிற வாரங்களில், அதுவரை நன்றாகத் தூங்கிய குழந்தை நடு இரவில் எழுந்துகொள்ளும். தூளியில் எழுந்து நிற்கப் பார்க்கும். உட்காரத் தெரியாமல் நின்றபடியே அழும். பல் முளைக்கிறது, கண் பட்டுவிட்டது என்று காரணம் தேடுவார்கள். சில வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். எழுந்து நிற்க முயல்கிற குழந்தைக்குத் தூளி ஆபத்து, தரையில் பாய்க்கு மாற்றிவிடுங்கள்.

எப்போது கட்டாயம் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை என்றால், 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை மடக்கியே வைத்திருந்தால், எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தால். எந்த வயதிலானாலும், வந்த திறமை போய்விட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். இவற்றோடு, கூப்பிட்டால் திரும்பாமல், விரலால் எதையும் காட்டாமல், முகத்தைப் பார்க்காமல் இருந்தால் கால் நன்றாக இருந்தாலும் வந்து காட்டுங்கள். ஆச்சியிடம் நான் விரலைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான். ஒன்பது மாதத்தில் ஓடிய பிள்ளை என்ற பெருமையில் இந்த அடையாளங்கள் கவனிக்கப்படாமல் போவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013இல் தொடங்கியதிலிருந்து, மாவட்ட அளவில் இதற்கென்றே ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அரசுத் திட்டம், கட்டணம் இல்லை. உங்கள் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

நடந்த பிறகு? வீட்டில் "வேண்டாம்", "தொடாதே", "வா இங்கே" என்ற சொற்கள் திடீரென்று பெருகும். மடியில் இருந்த வரை திட்டு வாங்காத குழந்தை இப்போது நாள் முழுக்கத் திட்டு வாங்கும். அதற்கும் விருப்பம் என்று ஒன்று வந்துவிட்டது, தடுத்தால் தரையில் விழுந்து உதைக்கும். பிடிவாதக் குணம் வந்துவிட்டது என்று கவலைப்படுகிறார்கள். எட்டாத இடத்தில் இருந்ததெல்லாம் எட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டால் யாருக்கும் ஆசை வரும். கண்ணாடிச் சாமானை மேலே ஏற்றிவிட்டு, அடுப்படியின் கீழ்த்தட்டை அதற்கென்று ஒதுக்கிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

அப்புறம் ஒன்றரை வயதை ஒட்டி இன்னொரு புகார் வரும். "நல்லா நடந்த பிள்ள, இப்ப மறுபடி தூக்கு தூக்குன்னு காலைக் கட்டிக்கிட்டு அழுதான். கெடுத்துட்டோமோ?" 1950களின் நடுவில் உகாண்டாவில் கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் மேரி ஐன்ஸ்வொர்த் தாய்மாரையும் குழந்தைகளையும் வீட்டில் உட்கார்ந்து கவனித்தார். நகரத் தெரிந்த குழந்தைகள் அம்மாவை விட்டுப் போவதும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து தொட்டுவிட்டு மறுபடி போவதும் அவர் கண்ணில் பட்டது. திரும்பி வர ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்த குழந்தைதான் தூரம் போய்ப் பார்க்கத் துணிகிறது. எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரிந்த குழந்தைக்கு, எவ்வளவு தூரத்தில் அம்மா இல்லாமல் போய்விடுவார் என்பதும் தெரிந்துவிடுகிறது. அதனால் வந்து ஒட்டிக்கொள்கிறது. தூக்கினால் கெட்டுப்போகாது, நடையும் மறந்துபோகாது. கையை நீட்டினால் தூக்கிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே கீழே இறக்கிவிடச் சொல்லும், இறக்கிவிடுங்கள்.